சதுர மீட்டருக்கு முந்நூறு

கார்ல்டன்வில். கூண்டு மாறிக் கூண்டு இறங்கினால்
மூன்று கிலோமீட்டர்.
காது இருமுறை அடைத்துத் திறக்கும்.
பாறையைத் தொட்டால் கை சுடும்.

வெடிப்பில் கசியும் அந்தத் தண்ணீர்
மழையை அறியாது.
வெயில் பாராத ஏதோ ஒன்று
அதற்குள் பிழைத்திருக்கிறது என்கிறார்கள்.
கல்லின் கதிர் நீரை உடைக்க
உடைந்ததைத் தின்று
நூறு வருடம் யோசித்து
ஒருமுறை இரண்டாகும்.

செவ்வாய்க்குப் போகிற துளைக்கருவியை
முதலில் இங்கே இறக்கினோம்.
இங்கேயே கண்டுபிடிக்கத் தெரியாதது
அங்கே போய் எதைக் கண்டுவிடும்?

என் வேலை சின்னது.
பஞ்சுக்குச்சியால் துடைப்பேன்
துடைத்ததைத் தட்டில் தடவுவேன்
முளைத்தால் எண்ணுவேன்.
சதுர மீட்டருக்கு முந்நூறு வித்து வரை
போகலாம் என்பது விதி.
சுத்தம் என்றால் பூஜ்யம் என்றிருந்தேன்
வேலைக்குச் சேரும்வரை.

பதினோராம் நாள்
சுரங்க நீர்த் தட்டில் ஒன்று முளைத்தது.
வெள்ளை. விளிம்பு சுருங்கி
ஆறிய பாலின் ஆடை மாதிரி.
செபிசோ மேசையைத் தட்டித் தட்டி ஆடினான்.
ரேனெட் ஓப்பர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்
மாட்டினாள், மறுபடி கழற்றித் துடைத்தாள்.
'இருநூறு கோடி வருடத்து விருந்தாளி'
பலகையில் யாரோ எழுதினார்கள்.

நூறு வருடம் யோசிக்கிற ஒன்று
பதினோரு நாளில் ஏன் வந்தது?
கேட்டிருக்க வேண்டும்.
நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

மரபணு வரிசை வர மூன்று வாரம்.
விருந்தாளி இல்லை. பேசில்லஸ்.
மண்ணில் இருப்பது, வைக்கோலில் இருப்பது
மிளகிலும் மல்லியிலும் உட்கார்ந்து
கடல் கடக்கத் தெரிந்தது.
தடம் பிடித்து வந்தார்கள்.
கருவி, உறை, கையுறைப் பெட்டி,
என் அங்கி தொங்கும் கொக்கி,
கொக்கியின் கீழே என் பை,
பைக்குள் பீன்ஸ் கறி.
டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில்
'மாமியார் கொல்லி' என்று அட்டை குத்திக்
குவித்து விற்கும் தூள்.
கால் கிலோ. நானே பேரம் பேசியது.
நூற்றுப் பத்து டிகிரியில் கருவியை வேகவைத்தோம்.
வெந்த பிறகு தொட்டது யார் கை?

யாரும் திட்டவில்லை.
செபிசோ மட்டும் சொன்னான்:
மாமியார் செத்தாலும் இது சாகாது.
சிரித்தோம். படிவம் நிரப்பினோம்.
'மாசின் மூலம்' என்ற கட்டத்தில்
சலோஷினி படையாச்சி என்று எழுதிய ரேனெட்
நிறுத்தி, அடித்து, மசாலா என்றாக்கினாள்.
அடித்த கோட்டின் கீழே
என் பெயரை இன்னும் படிக்க முடிகிறது.

சாவு வீட்டுத் தீட்டுக்குப் பதினாறு நாள் கணக்கு.
இதற்கு எத்தனை என்று
விதிப்புத்தகத்தில் தேடினேன்.

ஆறு மாதம் அவித்த முட்டை, வெறும் சோளக்களி.
கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடை.
கருவி திரும்ப வெந்தது, திரும்பத் துடைத்தேன்.
நாற்பத்தொன்று. ஒன்பது. பதினாறு.
எல்லாம் விதிக்குள்தான். கையெழுத்திட்டேன்.
பெட்டியில் ஆணி அறைந்து
கப்பலேற்றினார்கள் அந்தப் பதினாறையும்.

செவ்வாய் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை.
அங்கே குளிர், கதிர், வறட்சி;
உறங்கினால் உறங்கட்டும்.
கீழே அந்த வெடிப்பு இருக்கிறது.
செலவு கட்டவில்லை என்று
அந்த மட்டத்தை மூடிவிட்டார்கள்.
நாங்கள் தேடிப்போனதைப் பார்க்கவேயில்லை.
ஆனால் நாங்கள் கொண்டுபோனது அங்கே இருக்கிறது,
வெதுவெதுப்பில், இருட்டில்,
என் கால் கிலோவிலிருந்து உதிர்ந்த ஏதோ.
அவர்கள் வீட்டில்
இப்போது எது அந்நியம்?

சனிக்கிழமை டப்பாவைத் திறந்தேன்.
நெடி மூக்கில் ஏற
தும்மல் வந்தது.
முழங்கைக்குள் முகம் புதைத்துத்
திரும்பிக்கொண்டேன்,
யாருமில்லாத சமையலறையில்.